இறங்காத தண்ணீர்

கடலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லாமல், தோண்டிய இடமெல்லாம் உப்பு ஊறி, தண்ணீர் லாரி வருகிற நாளே நல்ல நாள் என்றும் வராத நாளே கெட்ட நாள் என்றும் தங்களுக்குள் ஒரு பஞ்சாங்கம் வகுத்துக்கொண்டு பிழைத்துக் கிடந்த தூத்துக்குடிக் காலனி ஒன்றில், பிரகாசி என்கிற ஒருத்தி மீன்தொட்டி வாங்க ஆசைப்பட்டாள். தின்பதற்கு அல்ல, விற்பதற்கு அல்ல, வாஸ்துவுக்கும் அல்ல. பார்ப்பதற்கு. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அந்தத் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்று அடித்துக்கொண்டவர்களும் இதே ஆட்கள்தான்.

ஆசை பிடித்த இடம் பல் ஆஸ்பத்திரி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவள், அங்கே சுவரோரம் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு மீன் ஒரு சோலியும் இல்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பல்வலியை மறந்து, அடுப்பை மறந்து, புருஷன் சாப்பாட்டுக்கு வருகிற நேரத்தை மறந்து, நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளைச் சுற்றி இருந்ததெல்லாம் அவளிடம் ஏதாவது கேட்டுக்கொண்டேதான் இருந்தது. மாமியார் சாகும்வரை கஞ்சி கேட்டாள், புருஷன் வெந்நீர் கேட்டார், மகள் சீப்பு கேட்டாள், சுவரில் மாட்டியிருந்த மாதா படம்கூட மெழுகுதிரி கேட்டது. இந்த மீன் எதுவும் கேட்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து போனில், "ஒனக்கு என்னம்மா வேணும், சொல்லு, வாங்கித் தாரேன்" என்றபோது பிரகாசி மீன்தொட்டி என்றாள்.

"அது என்னத்துக்கும்மா?"

"சும்மா பாக்கதுக்கு."

மகள் தொட்டியை வாங்கி அனுப்பி வைத்தாள்.

பிரகாசியின் புருஷன் கஸ்பார் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை எடைமேடையில் நிறுத்தி எடை போடுகிறவர். ஏற்றி வந்த சரக்கின் எடையைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நம்பாதவர். அவருக்குத் தொட்டி வந்ததும் பிடிக்கவில்லை, வந்த பிறகு பெண்டாட்டி முகத்தில் வந்த வெளிச்சம் அதைவிடப் பிடிக்கவில்லை.

மீன் கடைக்காரர் இஸ்மத் சொன்னபடியெல்லாம் அவள் செய்தாள். சோப்புத் தொடாமல் வெறும் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். அடியில் செய்தித்தாளை விரித்து எங்காவது கசிகிறதா என்று பார்த்தாள். கூழாங்கல்லை அரிசி களைகிற மாதிரி களைந்து, களைந்து, கலங்கல் போகும்வரை களைந்து பரப்பினாள். நிரப்புவதற்கு வேண்டிய நல்ல தண்ணீரைத் தன் பங்கிலிருந்தே எடுத்தாள்; லாரி வந்த நாளெல்லாம் தான் குளிக்க வைத்திருந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, தான் உப்புத் தண்ணீரில் குளித்து, தலைமுடி சிக்குப் பிடித்து, மேலெல்லாம் அரிப்பெடுத்து, ஒரு குடம் ஒரு குடமாகத் தொட்டியை நிறைத்தாள். காற்று மோட்டார் குமிழி விட்டது. இஸ்மத் தன் கடைத் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சைப் பிடுங்கி, அழுக்கோடு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்.

"இத அலசிராதீங்கக்கா. கண்ணுக்குத் தெரியாத பூச்சி இதுல குடியிருக்கு. மீனு கழியுத அழுக்க அதுதான் தின்னு தீக்கும். அது பெருகித் தண்ணி செட் ஆகணும். அதுவரைக்கும் கைய விட்டு அளையக்கூடாது. அவசரப்பட்டு மீன விட்டியன்னா மறுநாளே மெதக்கும்."

அவளுக்கென்று ஆஸ்கார் மீன் குஞ்சுகள் இரண்டைத் தனியே ஒதுக்கி வைத்தார். விரல் நீளம்தான் இருந்தன. பல் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே கறுப்பு, அதே ஆரஞ்சு.

"குடிக்கத் தண்ணியில்ல, இவ கண்ணாடிக்குள்ள ஊத்தி வச்சிப் பாக்குதா" என்றார் கஸ்பார். "மீனாவது இருக்கா? அதுவும் இல்ல. வெறுந்தண்ணி."

"தண்ணி செட் ஆகணும்."

"செட் ஆகுததுக்கு அது என்ன சிமெண்டா?"

தண்ணீர் முதலில் பால் மாதிரி வெளுத்தது, பிறகு மெல்லத் தெளிய ஆரம்பித்தது. பிரகாசி வேலையெல்லாம் முடித்துவிட்டு, மீன் இல்லாத அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் லாரி வரவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் காலிக் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள். "மருமவன் வந்திருக்காரு மைனி. ஒரு காப்பி போட்டுக் குடுக்கத் தண்ணியில்ல. மானம் போவுது." பிரகாசியின் வீட்டுக் குடங்களும் காலிதான். தொட்டியைப் பார்த்தாள், தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்தாள், எழுந்துபோய்க் குடத்தைத் தொட்டிக்குள் சாய்த்து நிறைத்துக் கொடுத்தாள். தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. விளிம்புக்குக் கீழே எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நின்றது.

"எறங்கலயே மைனி."

"ஆமா, எறங்கல."

தங்கபுஷ்பம் இடுப்பில் இருந்த குடத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "அப்பம் இன்னொரு குடம் எடுத்துக்கிடட்டா?" என்றாள்.

இவ்வளவுதான் நடந்தது. வானத்திலிருந்து பூ விழவில்லை, யாரும் முழங்கால் போடவில்லை. சாயங்காலத்துக்குள் பிரகாசியின் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் பச்சையும் சிவப்பும் நீலமுமாகக் குடங்கள் உட்கார்ந்துவிட்டன. ஆற்றில் போகிற தண்ணீரை ஐயா குடி அம்மா குடி என்பார்கள். இது கஸ்பார் வீட்டு முன்னறையில் போகிற தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம். தொட்டியில் ஏன் தண்ணீர் இறங்கவில்லை என்று காலனியில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, முதலில் யார் குடம் வைத்தது என்று மட்டும் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டார்கள், கேட்டு மயிரைப் பிடித்துக்கொண்டார்கள், பிடித்த கையோடு தண்ணீரும் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்குச்சாமியார் வந்து, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, இதை அவசரப்பட்டுப் புதுமை, அற்புதம் என்று சொல்லக்கூடாது, மேலிடத்தில் விசாரிக்க வேண்டும் என்று புத்திமதி சொல்லிவிட்டு, தான் தங்கியிருந்த பங்களாவுக்கு இரண்டு கேன் எடுத்துக்கொண்டு போனார். இந்தக் காலனிக்குத்தான் தொட்டி இருக்கிறதே என்று லாரி அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு தொட்டியை விட்டால் கதியில்லை என்று ஆயிற்று. கதியில்லாமல் வருகிறவர்கள் கொஞ்சம் பணிந்து வருவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகிறது ஆனால் காப்பி ருசிக்கவில்லை என்று அவர்கள் பிரகாசியிடம் குறை சொன்னார்கள். அவளும், "அப்படியா?" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டுக்கொண்டாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பதற்கு அந்த முன்னறையைவிட வேறு சாட்சி வேண்டாம். குடத்தில் கல் விழுகிறது என்று கூழாங்கல்லை வாரிக் கொண்டுபோய் வாசலில் கொட்டினார்கள். முகத்தில் தெறிக்கிறது என்று குமிழி விடுகிற மோட்டாரைக் கழற்றினார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று லைட்டைக் கழற்றினார்கள். இஸ்மத் கொடுத்த ஸ்பாஞ்சை யாரோ, 'சே, அசிங்கம்' என்று சாக்கடையில் எறிந்துவிட, பிரகாசி அதைத் தேடி எடுத்தபோது காய்ந்து வறட்டி ஆகியிருந்தது; அதற்குள் குடியிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்காக அவள் ஒருத்திதான் அழுதாள். மிஞ்சியது நாலு கண்ணாடிச் சுவரும் தண்ணீரும். அதிகாலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவளுக்கு ஈரத்தரையைத் துடைப்பதே வேலையாகிப் போனது, சேலை மாற்றுவதற்குக்கூட சமையலறையில் கதவை ஒருக்களித்து நின்று மாற்றினாள்.

கஸ்பார் மட்டும் மாறிப் போனார். லாரி டிரைவர்கள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனிதரை இப்போது தெருவே அண்ணாச்சி என்றது. கோயில் திருவிழாவில் பொன்னாடை போட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் ஒரு குடம்கூடச் சுமந்து நிரப்பாத தண்ணீரை, "எடுங்க, எடுங்க, நமக்கு என்ன கொறஞ்சா போச்சு" என்று வாரி வழங்கினார்.

பிரகாசி இஸ்மத்திடம் போய்ச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "எறங்குதோ எறங்கலயோ, அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா நாளெல்லாம் கொடத்த விட்டு மோந்துக்கிட்டே இருந்தா அது பச்சத் தண்ணிதான். எந்தக் காலத்துலயும் செட் ஆகாது. ஒங்க குஞ்சு ரெண்டும் உள்ளங்கை அளவுக்கு வந்துட்டு, பாத்தியளா? நான் பெரிய தொட்டிக்கு மாத்திட்டேன்." அவள் அங்கேயே நின்று, கடைக்கு வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, தன் மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தாள்.

ஒரு நாள் துணிந்து கேட்டேவிட்டாள். தொட்டியைக் கொஞ்ச நாள் யாரும் தொடாமல் விட்டால் தண்ணீர் செட் ஆகிவிடும், மீனை விட்டுவிடலாம் என்றாள். காலனிச் சங்கம் அதற்கென்று கூடியது, கூடிய இடமும் அவள் வீட்டு முன்னறைதான், கூட்டத்துக்குக் காப்பி போட்டதும் அவள்தான். சங்கத் தலைவர் தர்மக்கண் தொண்டையைச் செருமினார்.

"மைனி ஆசப்படுதது நாயந்தான். யாரு இல்லன்னா? ஆனா மீனு பேண்ட தண்ணிய நம்ம பிள்ளைய குடிக்கணுமா? சொல்லுங்க. இல்ல, மைனியே சொல்லட்டும்."

பிரகாசி கஸ்பாரைப் பார்த்தாள். கஸ்பார் பொன்னாடையின் ஓரத்து நூலைத் திரித்துக்கொண்டிருந்தார். அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்புறம் ஒரு நாள் கூட்டுக்குடிநீர்க் குழாய் வந்தது. தேர்தல் வந்தது, அதன் பின்னாலேயே குழாய் வந்தது, வீட்டுக்கு வீடு மஞ்சள் பிளாஸ்டிக் குழாயில் நல்ல தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. மறுநாள் பிரகாசியின் வாசலில் ஒரு குடம் இல்லை. போய்வருகிறோம் என்று ஒருத்தி சொல்லவில்லை, இத்தனை நாள் குடித்தோமே என்று ஒருவன் சொல்லவில்லை, தெருவில் எதிர்ப்பட்டால் கஸ்பாரை அண்ணாச்சி என்று அழைப்பதும் படிப்படியாக நின்றுபோயிற்று. கஸ்பாருக்கு வீடே சாவு விழுந்த மாதிரி இருந்தது. பிரகாசிக்கோ, ஐயோ, அந்த அமைதியை எப்படிச் சொல்ல! அவள் முன்னறையின் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

வாசலில் மிதிபட்டுக் கிடந்த கூழாங்கல்லைப் பொறுக்கினாள். களைந்தாள், களைந்தாள், கலங்கல் போகும்வரை களைந்தாள். மோட்டாரை மாட்டினாள், லைட்டை மாட்டினாள், இஸ்மத்திடம் இன்னொரு அழுக்கு ஸ்பாஞ்சு வாங்கி வந்து இறக்கினாள். யாரும் கை வைக்கவில்லை. தண்ணீர் வெளுத்தது, தெளிந்தது. இஸ்மத் தாமே வந்து தண்ணீரை முகர்ந்து பார்த்து, "இப்பம் விடலாம்க்கா" என்றார். காலனிக்காரர்கள் குடித்துத் தீர்த்த அத்தனை காலமும் கடையில் தின்று வளர்ந்து, இரண்டு கையால் பிடிக்கிற அளவுக்குப் பெருத்துப் போயிருந்த அந்த ஆஸ்கார் மீன்கள் இரண்டும் பையோடு தண்ணீரில் மிதந்து, சூடு ஒத்துப்போனதும் மெல்ல வெளியே வந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தன.

அவள் அவற்றுக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வேலை ஏவத் தோன்றும் என்று விட்டுவிட்டாள். ஆனால் அதில் ஒன்று, நெற்றியில் ஆரஞ்சுப் புள்ளி உள்ளது, அவள் முன்னறைக்கு வந்தாலே கண்ணாடிக்கு வந்து நிற்கும். விரலை வைத்தால் விரலுக்கு நேரே மூக்கை வைக்கும். விரலை நகர்த்தினால் கூடவே வரும். தண்ணீருக்குள் கையை விட்டால் உள்ளங்கையில் வந்து சாய்ந்துகொண்டு இறால் துண்டை வாங்கித் தின்னும். இது தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறது, தன்னிடம் ஒன்றும் கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்து வரும். அவள் வாழ்ந்தாள் என்று சொல்வதானால் அந்தச் சில வாரம்தான் வாழ்ந்தாள்.

தடைக்காலம் வந்தது. கடலில் மீன் பெருகட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போடுகிற காலம். மீன் இல்லாத சோறு இறங்காத தூத்துக்குடிக்காரர்கள் கருவாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற காலம். அப்போது ஒரு நாள் தர்மக்கண் இந்தப் பக்கம் வந்தவர், பழைய பழக்கத்தில் கஸ்பார் வீட்டுக்குள் தலையை நீட்டி, "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அண்ணாச்சி என்ற சொல் காதில் விழுந்ததும் கஸ்பாருக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்காரவைத்தார். பிரகாசி வீட்டில் இல்லை. மீனுக்குப் போட இறால் தேடி, கடையில் கிடைக்காமல், வளர்ப்புப் பண்ணை வரைக்கும் பஸ் ஏறிப் போயிருந்தாள்.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே வறுவல் வாசனை அடித்தது. தடைக்காலத்தில் யார் வீட்டில் மீன் என்று நினைத்துக்கொண்டே வந்து, வாசனை தன் வீட்டுக்குள்ளேயே போவதைப் பார்த்து, செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். தொட்டியில் இரண்டு மீன் இருந்தன. தர்மக்கண் கை கழுவிக்கொண்டிருந்தார். தட்டில் முள் கிடந்தது.

"பதறாத" என்றார் கஸ்பார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ரெண்டும் அங்கனதான நிக்கி, எண்ணிப் பாரு. ஒண்ணப் பிடிச்சேன், பிடிச்ச எடத்துலயே இன்னொண்ணு நின்னுட்டு. தண்ணி மாதிரியேதான், பாத்துக்கோ. வலகூடத் தேவப்படல பிரகாசி. கைய விட்டதும் அதுவா வந்து உள்ளங்கையில சாஞ்சிக்கிட்டு."

பிரகாசி அவர் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் விரலை வைத்தாள். நெற்றியில் ஆரஞ்சுப் புள்ளி உள்ள மீன் ஒன்று உள்ளே நின்றது. அது அவளைப் பார்த்தது, யார் என்று தெரியாமல் விலகிப் போனது.

அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது வரிசை நின்றது. இந்தத் தடவை குடம் இல்லை, மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் தூக்குவாளியும். தர்மக்கண் கையில் சின்ன வலையோடு முன்னால் நின்று ஒழுங்கு படுத்தினார். கஸ்பார் பெட்டியிலிருந்து பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை வெளியே இழுத்தார். கூழாங்கல் வலையில் சிக்குகிறது என்று ஒருத்தி அதற்குள் கல்லை வார ஆரம்பித்திருந்தாள். பழைய மீன்களில் மிஞ்சியிருந்த இரண்டாவதும் முதல் பத்துச் சட்டிக்குள்ளேயே போய்விட்டது, அது நின்ற இடத்தில் வேறொன்று நின்றது. முள் அதிகம், ஆனால் குழம்புக்கு நன்றாக இருக்கிறது என்று மத்தியானத்துக்குள் காலனி ஒரு முடிவுக்கு வந்தது. இவ்வளவு சிறிய சாதியாகப் பார்த்து வாங்காமல் ஒரு சீலா மீனாக விட்டிருக்கலாமே என்று பிரகாசியின் மேல் சிலருக்கு வருத்தமும் இருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பிரகாசி ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து, தொட்டிக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றாள். வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினாள்.

"போதும், போங்க. இது என் மீனு. தின்னதுக்கு வாங்கல, பாக்கதுக்கு வாங்கினேன்."

வரிசையில் நின்ற எல்லாருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது, அதுதான் இந்தக் கதையில் எனக்கு ஆற்றாமை. தங்கபுஷ்பம் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி அன்பாகச் சொன்னாள்.

"பாருங்க மைனி, யாரு வேண்டாம்னா? நாங்க எம்புட்டு எடுத்தாலும் ரெண்டு அங்கனதான நிக்கி. தண்ணியும் அப்பிடித்தான், எறங்கல. ஒங்களுக்கு என்ன மைனி கொறஞ்சு போச்சு?"

"என்னயத் தெரிஞ்ச மீனு கொறஞ்சு போச்சு" என்றாள் பிரகாசி.

யாருக்கும் புரியவில்லை. சிலர் சிரித்தார்கள், பாவம் என்கிற சிரிப்பு. கஸ்பார் வெளியே நாற்காலியிலிருந்து, "ஏட்டி, வழிய விடு, ஆளுவ நிக்காங்க" என்றார். இவர்களுக்குக் காட்டித்தான் ஆகவேண்டும் என்று பிரகாசிக்குத் தோன்றியது. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பினாள். "இங்க பாருங்க. முன்னால எல்லாம் விரல வச்சா அது வரும். இப்பம் பாருங்க" என்று திரும்பி, கண்ணாடியில் விரலை வைத்தாள். விரலைக் கண்டதும் மீன்கள் இரண்டும் அரண்டு வாலை அடித்துக்கொண்டு போய், தொட்டியின் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி ஒடுங்கி நின்றன.

"பாத்தியளா?" என்றாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

எல்லாரும் பார்த்தார்கள். தர்மக்கண் இன்னும் கிட்டத்தில் வந்து குனிந்து பார்த்தார். காலையிலிருந்து தொட்டி முழுக்க வலையை ஓட்டி ஓட்டி அவருக்குத் தோள்பட்டை வலித்துக்கொண்டிருந்தது.

"அட, ஆமா" என்றார். "விரல எடுத்துராதீங்க மைனி. மூலைக்கு ஒதுங்குது பாத்தியளா, பிடிக்க லேசா இருக்கு."